குறைந்துபோன அரை உருண்டை

நூல் குறைகிறது என்பது எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்தது. மகளுக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் முதுகு முடிந்து, முன்பக்கம் முடிந்து, ஒரு கை முழங்கை வரை வந்திருந்தது. என் கணக்குப்படி பையில் இரண்டரை உருண்டை கம்பளி இருக்க வேண்டும். இருந்தது இரண்டு. எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்று சோபாவுக்கு அடியில் பார்த்தேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். சலவை மெஷினுக்குப் பின்னால்கூட டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பேனா மூடியும் மாப்பிள்ளையின் ஒற்றை சாக்ஸும்தான் கிடைத்தன. கம்பளிக்குக் கால் முளைக்காது, ஆக யாரோ எடுத்திருக்க வேண்டும். மகள் வீட்டில் பகல் முழுக்க இருப்பது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அம்மா.

நான் இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவள். டிக்கெட் எடுக்காதவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும், மற்றது நம்மைப் பார்த்துத் தேவைக்கு மேல் சிரிக்கும். அன்றைக்கு நான் தேடிக்கொண்டிருந்தபோது சம்பந்தி முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன தேடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காதவரைத்தானே கவனிக்க வேண்டும்.

அரை உருண்டைக்கா இத்தனை என்று நினைக்காதீர்கள். விஷயம் வேறு. நான்கு ஸ்டாப் தள்ளி எனக்கென்று இரண்டு அறை வாடகை வீடு இருக்கிறது, பதினொரு வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் மாடிப்படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து மகளுக்கு ஒரே பாட்டு, தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்துவிடு என்று. மூன்று மாதம் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லித்தான் ஒரு சூட்கேஸோடு வந்தேன். வீட்டைக் காலி செய்கிறேனா, தொடர்கிறேனா என்று இருபத்தைந்தாம் தேதிக்குள் வீட்டு ஓனருக்குச் சொல்லியாக வேண்டும். காலி செய்துவிட்டால் அப்புறம் திரும்பிப் போக இடம் கிடையாது. காலை எழுந்து ராத்திரி படுக்கும் வரை இந்த அம்மாவின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவர் கை நீளமா குட்டையா என்பது எனக்குத் தெரியாமல் எப்படி வீட்டை விடுவது?

நூல் வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். புகை நீலத்தில் பதினாறு உருண்டை, ஒரே சாயத்தில் முக்கியெடுத்தவை. கடைக்காரர் அப்போதே சொன்னார், இது தீர்ந்தால் அடுத்த சரக்கு கொஞ்சம் மாறும், வீட்டுக்குள் தெரியாது, வெயிலில் நின்றால் கோடு போட்ட மாதிரி தெரியும் என்று. நான் மகளுக்கு, அவர் மகனுக்கு என்று பேச்சு. இரண்டுக்கும் ஒரே கணக்குதான், நூற்றுப்பத்து கண்ணி, வரிசையும் அதே வரிசை. ஊசி மட்டும் வேறு. ஊசியில் நம்பர் ஏற ஏற மெலியும். நான் பத்தாம் நம்பரில் பின்னினால் மகள் அளவுக்கு வரும், அவர் எட்டாம் நம்பரில் பின்னினால் அதே கண்ணி பெரிதாக விழுந்து மாப்பிள்ளை அளவுக்கு வரும். பெரிய கண்ணி நூலை அதிகம் தின்னும் இல்லையா, அதனால் அவருக்கு ஒன்பது, எனக்கு ஏழு. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தோம். அவர் இரண்டு தடவை எண்ணினார். பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், எண்ணிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

என் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, மறைப்பானேன். நான் டேப் வைத்து அளப்பதில்லை. வரிசை எண்ணுவேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை நான்கு விரல்கடை நீளமாகப் போய்விட்டது. அவர் அந்தக் கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு ஆறு வருஷம் போட்டார். யாராவது கேட்டால், என் கைதான் ஒன்று குட்டை என்று சொல்லுவார். அந்த மாதிரி மனுஷனோடு வாழ்ந்தால் டேப் எங்கே பழகும். இந்தத் தடவை முன்பக்கம் கொஞ்சம் அகலமாகத்தான் பட்டது. கம்பளி தளரும், போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாளாக ஊசி கையில் உட்காரவில்லை, கட்டை விரலடியில் வலி. அதையும் வயசின் தலையில் போட்டேன்.

சம்பந்திக்கு என்மேல் கோபம் வர ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். பின்ன ஆரம்பித்த இரண்டாவது வாரம் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய முதுகுப் பக்கம் சோபாவில் கிடந்தது. பார்த்தால் பன்னிரண்டு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவி, ஏணி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. என் கை சும்மா இருக்குமா. ஒரு ஹேர்பின்னை வளைத்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, ஊசியில் சேர்த்து வைத்துவிட்டேன். எங்கே நழுவியது என்று நானே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தம். அவர் வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர், அப்படியா, நீங்க எடுத்தீங்களா என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றையிலிருந்து பையை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனார். அடுப்படிக்குப் போனாலும் பை, துணி காயப்போடப் போனாலும் பை.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நானும் தூக்க ஆரம்பித்தேன். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, பையைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு பின்னுவோம். பேச்செல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும். காற்று ஜாஸ்தியா இருக்கு, ஜன்னலைச் சாத்தட்டுமா சம்பந்தி. சாத்துங்க சம்பந்தி. ஜன்னலைச் சாத்த எழுந்தாலும் அவர் பை அவரோடுதான் போகும். மகள் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, நீ குளிக்கப் போறியா, ஊருக்குப் போறியா? எதுக்குப் பையோட போற?"

துண்டு அதில் இருக்கிறது என்றேன். துண்டு என் தோளில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். டிரை கிளீனிங் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள், நாளைக்கு நூறு பேர் கறையைப் பற்றிச் சொல்லும் பொய்யைக் கேட்கிறவள். இதுவா அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை என் நூலை அடுப்படித் தராசில் வைத்து நிறுத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி நிறுத்தேன். பின்னின வரிசைக்குப் போக வேண்டியதைவிட அதிகமாகப் போயிருந்தது. பை என் காலைவிட்டு நகரவே இல்லை, ஆனாலும் போகிறது. நான் தூங்கும்போது எடுக்கிறாரா? இரண்டு பேரும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். ஆக, முடிவு எடுத்துவிட்டேன். சனிக்கிழமை இருபத்தைந்து. ஓனருக்குப் போன் போட்டு, வீடு எனக்கு வேண்டும், வந்துவிடுகிறேன் என்று சொல்வது. மகளுக்கு என்ன சொல்வது என்பதையும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். உங்க பாத்ரூம் தரை வழுக்குது என்று சொல்வதாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை அவருடைய அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகள் கடைக்குப் போய்விட்டாள். கண் பரிசோதனைக்குப் பையோடு போனால் டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தாரோ என்னவோ, சம்பந்தி முதல் தடவையாகப் பையை விட்டுவிட்டுப் போயிருந்தார். கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, போர்வைக்குப் பின்னால். பத்து நிமிஷம் நல்லவளாக இருந்து பார்த்தேன். பிறகு குனிந்து இழுத்தேன்.

முதலில் நூலை நிறுத்தேன். அவர் பின்னியிருந்த அளவுக்கு மீதி இருக்க வேண்டியதைவிட முக்கால் உருண்டை கூடுதலாக இருந்தது. நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அது அவ்வளவு நல்ல சந்தோஷம் இல்லை. அடுத்து அவர் பின்னியதை எடுத்து விரித்தேன். அங்கங்கே ஓரத்தில் சிவப்பு நூல் ஒரு முடிச்சு. எண்ணினேன், பத்தொன்பது முடிச்சு. என்ன அலங்காரம் இது என்று யோசித்துக்கொண்டே அடியில் கைவிட்டால் நான்காக மடித்த ஒரு தாள். தேதி, அன்றைக்கு எத்தனை வரிசை, முடிச்சு போட்டது எந்த வரிசையில் என்று கொட்டை எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. பார்சலைக் கட்டி முடிச்சு போட்டு எழுதி வைப்பது மாதிரி, ராத்திரி யாராவது பிரித்தால் காலையில் தெரிந்துவிடும். கடைசியில் இப்படி இருந்தது: கண்ணி நூற்றுப்பத்து, சரி. வரிசை சரி. அகலம் ஒன்றரை அங்குலம் குறைவு. பிரித்துப் பின்னியது யார்?

யார் என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

என்னையா? மூன்று மாதமாக ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒரே ஃப்ளாஸ்க்கில் டீ குடித்துக்கொண்டு, என்னையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் என் மடியில் கிடப்பது அவருடைய பை என்பதே மறந்துபோனது. அந்த நேரத்தில்தான் வாசல் கதவு திறந்தது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்ததாம், அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விட்டார். சம்பந்தி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், இரண்டு மணி நேரம் எதுவும் தெளிவாகத் தெரியாதாம். கட்டில் ஓரத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வீடெல்லாம் பனி மூட்டமாகத் தெரிகிறது, நீங்கள்கூட ஒரு நிழல் மாதிரிதான் தெரிகிறீர்கள் என்றார்.

பையை மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் முடிந்தது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. கையைப் பாதி தூரம் கொண்டும் போய்விட்டேன். ஆனால் டிக்கெட் இல்லாமல் வந்தவர்களை எத்தனை பேர் முன்னால் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். ஒருத்தர் கண் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது குனிந்து பையைத் தள்ளுவது என்றால், என் உடம்பு அதற்கு வளையவில்லை.

"சம்பந்தி, உங்க பை என் மடியில இருக்கு. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பிரிக்கவா?" என்றார்.

"பிரிக்க இல்ல. என் நூல் அரை உருண்டை காணோம். உங்ககிட்ட இருக்கான்னு பாத்தேன்."

"இருந்துச்சா?"

"முக்கால் உருண்டை கூடுதலா இருக்கு."

"எனக்கு மிச்சமாகுதுன்னு எனக்கே தெரியும். ஏன்னு தெரியல. அதான் எழுதி வெச்சேன்."

"படிச்சேன். யாருன்னு போட்டு ரெண்டு கோடு போட்டிருக்கீங்க."

"ஹேர்பின்னை எடுத்துட்டு வந்தவங்க வேற யாரு இந்த வீட்டுல?"

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். திருட்டுப்போன வீட்டில் சாமான் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முடிச்சுகளைத் தடவி எண்ணினார். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் அவர் சரியாக எண்ணுகிறாரா என்று நானும் கூடவே எண்ணினேன். பிறகு ஊசிகளை எடுத்தார். கண்ணிகள் நிற்கும் ஊசி இடது கையில், சும்மா இருக்கும் ஊசி வலது கையில். இரண்டையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். நிறுத்தினார். கை மாற்றிப் பிடித்து மறுபடி உருட்டினார்.

"சம்பந்தி, உங்க ஊசியைக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். நான்கையும் உருட்டினார். கண்ணால் பார்த்தால் ஒரே சாம்பல் நிறம், ஒரே குமிழ், நம்பர் தேய்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, பார்த்து ஏமாந்திருப்போம். இத்தனை நாளாகப் பார்த்து ஏமாந்துதானே வந்தோம். அவருடைய ஜோடியில் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. என் ஜோடியிலும் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. என் கையில் உட்காராத அந்த ஊசி எனக்குச் சொந்தமே இல்லை.

அப்படியே என் முன்பக்கத்தையும் அவருடைய முன்பக்கத்தையும் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் தடவினோம். நூல் பிசகாமல் ஒரே அளவு. மகள் உள்ளே நீந்தலாம், மாப்பிள்ளைக்கு உடம்பில் இறங்காது. என் பின்னல் நூலை அதிகம் தின்றதும், அவருக்கு மிச்சமானதும் இதனால்தான். ஒருத்தரும் ஒன்றும் திருடவில்லை. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜமாகவே வரவில்லை. இரண்டு பேரும் எவ்வளவு பின்னியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடையிலிருந்த மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சுவரில் ஈரம் பார்க்க பிளம்பர் வந்த அன்றைக்கு, சோபாவில் கிடந்ததை எல்லாம் அள்ளி ஒரு கூடையில் போட்டு, அப்புறம் பைக்கு இரண்டு ஊசியாகப் பிரித்து வைத்தாளாம். இரண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கும், ஊசிதானே என்றாள். சம்பந்தி பக்கத்திலிருந்து, அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கையைக் காட்டினார். சொல்ல வந்ததை விழுங்கினேன்.

அடுத்து யார் பிரிப்பது என்ற பேச்சு வந்தது. ஊசியை மாற்றிக்கொண்டாலும் பின்னியதைப் பிரிக்காமல் ஆகாது. நான் பிரித்துவிட்டு அவர் பிரிக்காவிட்டால்? அவர் மனதிலும் அதேதான் ஓடியிருக்கும், நீங்கள் ஆரம்பியுங்கள், எனக்குக் கண் தெரியவில்லை என்றார். கண் தெளிந்ததும் சேர்ந்தே ஆரம்பிக்கலாம் என்றேன். மத்தியானம் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். என்னுடையதை நான் இழுக்க இழுக்க அவர் உருண்டையாகச் சுற்றினார், அவருடையதை அவர் இழுக்க நான் சுற்றினேன். முன்பக்கம் இரண்டும் போய்விட்டன. முதுகுக்குக் கை வைக்கும் முன்னால் நிறுத்திக்கொண்டோம், இன்றைக்கு இவ்வளவு அழுகை போதும் என்றார் அவர். அழவில்லை, அப்படி ஒரு பேச்சு.

சாயந்திரம் மாப்பிள்ளை வந்ததும் கருவிப் பையிலிருந்து தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்து நான்கு ஊசியையும் அளந்தார். இவ்வளவு துல்லியமா விரலால கண்டுபிடிச்சீங்களாம்மா என்று அவருடைய அம்மாவைக் கேட்டார். எனக்கும் சேர்த்து ஒரு பாராட்டு வைத்திருக்கலாம். போகட்டும். எட்டாம் நம்பர் ஜோடியில் ஒட்டுவதற்கு ஒரு சிவப்பு டேப் துண்டு கொடுத்தார். சம்பந்தி தன் ஊசியில் ஒட்டிக்கொண்டு, நான் ஒட்டவில்லையா என்று பார்த்தார். எதற்கு, உங்களுடையதில் இருந்தால் போதாதா என்றேன். யோசித்துப் பார்த்து, போதும் என்றார்.

அப்புறம் மாற்றிக்கொண்ட ஜோடியில் நூற்றுப்பத்து கண்ணி போட்டு, பத்து வரிசை பின்னினேன். ஊசி கையில் வந்து உட்கார்ந்தது. கட்டை விரலில் வலி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக டேப்பைக் கேட்டு வாங்கி அகலம் அளந்தேன். சொன்ன அளவு, கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. அவரிடம் காட்டினேன். அவர் டேப்பை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் நன்றாயிருக்கிறது என்றார்.

ஓனர் தூங்கப் போவதற்குள் போன் செய்ய அரைமணி நேரம்தான் இருந்தது. காலை வரை நினைத்திருந்ததை மறுபடி நினைத்துப் பார்த்தேன். என்னைச் சந்தேகப்பட்டவர் அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார், கேட்டபோது மறைக்கவில்லை. நான் அவர் பையைத் துழாவினேன், அவர் என் முகத்துக்கு நேராகவே, பிரிக்கவா என்று கேட்டார். முதுகுக்குப் பின்னால் என்ன ஓடுகிறதோ என்று பயந்துதானே வீட்டை விடத் தயங்கினேன். இவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. இப்படி ஒருத்தரோடு ஒரே அறையில் படுக்கலாம்.

சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போனைப் போட்டேன். அடுத்த மாதக் கடைசியில் காலி செய்துவிடுகிறேன் என்று ஓனரிடம் சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷம், அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மொத்தப் பேச்சும் ஒரு நிமிஷம்கூட இல்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சொன்னாரு?" என்றார் சம்பந்தி.

"சந்தோஷம்னாரு."

"ஏன் போறீங்கன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"பதினோரு வருஷம் இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை கேக்கல?"

"அதான் எனக்கும் இடிக்குது."

அவர் பின்னலை மடியில் இறக்கி வைத்தார். "உங்க சாமானெல்லாம் அங்கதானே இருக்கு? அவர்கிட்டயும் ஒரு சாவி இருக்குமே?"

"இருக்கு."

"அப்ப நீங்க இந்தப் பக்கம் வந்த அன்னைக்கே வேற ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டியிருப்பாரு."

எனக்கும் அதே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் நான் அந்த வீட்டிலிருந்து என் துணிகளை எடுத்துவரப் போனபோது சமையலறை ஜன்னல் கொக்கி மாட்டாமல் கிடந்ததைச் சொன்னேன். நான் மாட்டிவிட்டுத்தான் வருவேன் என்பதையும் சொன்னேன். சம்பந்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"காலைல மொத பஸ்ஸுக்கே கிளம்பிடுவோம் சம்பந்தி" என்றார். "ஓனருக்கு முன்கூட்டியே சொல்ல வேணாம்."

சொல்வதாக நானும் இல்லை.